மலை ஏறினால் மழைப் பயம் போகுமா?

மழை வந்தால் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிடுவாள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மண்டபத்துக்குத் தகரக் கூரை. தூறல் விழ ஆரம்பித்ததும் மற்ற பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவார்கள். இவள் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே தெரியும் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பெய்த பேய்மழையில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவுகளில் கட்டிய வீடுகள் மண்ணோடு மண்ணாக இறங்கின. இவள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீடு போயிற்று. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவள் அம்மா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டார். ஆயா விபூதி போட்டார், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கையில் மந்திரித்த கயிறு இன்னும் இருக்கிறது. ஒரு கவுன்சிலரிடமும் இரண்டு தடவை கூட்டிப் போனார்கள். இரண்டு தடவையும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு மீதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போய் 'சாகசச் சிகிச்சை' என்று ஒரு வைத்தியம் செய்கிறார்கள் என்று. வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணா, மலை ஏறினா மழைப் பயம் போயிடுமா?"

அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது கொஞ்சம் நீளமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மழைச் சத்தம் கேட்டதும் அவள் உடம்பு செய்வது தப்பான வேலை இல்லை. 2022-இல் சரியாகச் செய்த அதே வேலையைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறது. மூளைக்குள் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ஆபத்தின் வாடை அடித்தாலே அது மணியடித்துவிடும். இதயம் வேகமெடுக்கும், கை கால் இறுகும், காது கூர்மையாகும். ஓடு, எதிர்த்து நில், இரண்டும் முடியாவிட்டால் அப்படியே உறைந்துபோ. ஆபத்து நீங்கினால் மணியும் அடங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடு, உறவு, பள்ளி, நாள்பட்ட பழக்கம் என்று எல்லாமாகச் சேர்ந்து அதை அடக்கிவிடுகின்றன. சிலருக்கு அடங்குவதில்லை. நடந்தது முடிந்துவிட்டது என்று அறிவுக்குத் தெரியும், உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இரவில் தூக்கம் வராது, கதவு அறைந்தால் துள்ளுவார்கள், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார்கள். சிலர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் மரத்துப்போவார்கள். வீட்டில் இதற்கு நாம் வைக்கும் பெயர்கள் வேறு: திமிர், சோம்பல், போன் பார்த்துக் கெட்டுப்போனது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பழைய பரிசோதனை. 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். (இன்றைக்கு அனுமதிக்க மாட்டார்கள், நல்லது.) சில நாய்கள் ஒரு பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். வேறு சில நாய்கள் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் வகை நாய்கள் தாண்டிப் போயின. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, படுத்து முனகிக்கொண்டு கிடந்தன. 'நம்மால் ஒன்றும் ஆகாது' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் ஐம்பது வருடம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

2016-இல் அதே இருவரும், மூளையைப் பற்றிப் பிறகு தெரியவந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, தாங்கள் சொன்னதைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரினத்தின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது மற்றதைத்தான்: 'நான் செய்வதால் நிலைமை மாறுகிறது' என்பதை. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொண்டால் கீழே அடிக்கும் மணியை அது அடக்குகிறது. எலிகளில் பார்த்தபோது, ஒருமுறை அப்படிக் கட்டுப்பாட்டை ருசித்த விலங்கு அடுத்த தடவை தப்ப வழியே இல்லாத துன்பத்தில்கூட முன்புபோல் முடங்கவில்லை. எலியையும் சாட்ஸ்வொர்த் பிள்ளையையும் ஒன்றாக்க முடியாதுதான். ஆனால் காட்டிலும் மலையிலும் கடலிலும் செய்யும் இந்தச் சிகிச்சை எதைத் தேடிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையிலும் பிள்ளையிடமிருந்து முதலில் பறிபோவது அந்தக் கட்டுப்பாடு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

ஒரு பாறைச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் பட்டை, தலையில் ஹெல்மெட், மேலே ஒரு கொக்கி வழியாகப் போய் இறங்கும் கயிறு. கயிற்றின் மறுமுனையை இன்னொரு பிள்ளை பிடித்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் பயிற்சியாளர். உயரத்தைப் பார்த்ததும் ஏறுபவளின் உடம்பில் அதே பழைய மணி அடிக்கிறது: நெஞ்சு படபடக்கிறது, முழங்கால் நடுங்குகிறது. ஆனால் இங்கே நிறுத்தும் சொல் அவள் வாயில் இருக்கிறது. 'இறக்கு' என்றால் இறக்க வேண்டும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. எட்டடி ஏறிவிட்டு இறங்கினாலும் அது முழு ஏற்றம்தான். அடுத்த தடவை பத்தடியா, ஆறடியா என்பதும் அவள் முடிவு. படபடப்பு ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்குவதை அவள் உடம்பு அனுபவிக்கிறது. இறங்கிய பிறகு தரையில் உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். எந்த இடத்தில் பயம் வந்தது, அப்போது என்ன செய்தாய், வீட்டில் இப்படி வந்தால் என்ன செய்வாய். இந்தப் பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் உல்லாசப் பயணம். உல்லாசப் பயணமும் நல்லதுதான், ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது.

ஏன் குறிப்பாக வயசுப் பிள்ளைகளுக்கு? அறைக்குள் ஒரு பெரியவருக்கு எதிரே நாற்காலியில் உட்காருவது அவர்களுக்கு ஹெட்மாஸ்டர் அறையை ஞாபகப்படுத்துகிறது. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நடக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வெங்காயம் நறுக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதானே நாமும் பெரிய விஷயங்களையெல்லாம் சொன்னோம்?

இந்த முறைக்கு மூலக்கதை ஒன்று உண்டு. கூர்ட் ஹான் என்ற ஜெர்மன் யூத ஆசிரியர் ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனுக்குப் போனார். போர்க் காலத்தில் மூழ்கிய கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வலுவான இளம் மாலுமிகள் சாக, வயதானவர்கள் பிழைத்துவருவதாகக் கப்பல் நிறுவன முதலாளி ஒருவர் கவலைப்பட்டாராம். உடல்வலு இருந்தும் 'தாங்க முடியும்' என்ற நம்பிக்கை இளையவர்களிடம் இல்லை என்பது ஹானின் கணிப்பு. 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் இருவரும் சேர்ந்து தொடங்கிய பள்ளிதான் அவுட்வர்ட் பவுண்ட். அங்கிருந்து இது அமெரிக்கா போய், பள்ளிகளுக்குள் நுழைந்து, பிறகு உளவியலாளர்கள் கைக்கு வந்தது. அது நெடுங்கதை, இங்கே வேண்டாம். நமக்கு நம் நாட்டுக் கதைதான் சுவாரசியம்.

டர்பன்காரர்களுக்கு இயன் பிளேயர் என்றால் டூசி படகுப் போட்டி ஞாபகம் வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை ஆற்றில் துடுப்புப் போடும் அந்தப் போட்டியை 1951-இல் தொடங்கியவர் அவர். முதல் போட்டியில் வழியில் பாம்பு கடித்தும் ஆறு நாளுக்குப் பிறகு வந்து ஜெயித்தார். வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்டதிலும் அவருக்குப் பெரிய பங்கு. அவருக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்த குரு மகூபு ந்டோம்பேலா என்ற ஜூலு முதியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தவர். நிறவெறி உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த இருவரும் சேர்ந்து இளைஞர்களை இம்ஃபோலோசி காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனார்கள். அதிலிருந்து வந்ததுதான் டர்பனின் வில்டர்னஸ் லீடர்ஷிப் பள்ளி.

அந்தக் காட்டு நடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூடாரம் கிடையாது, வெட்டவெளியில் தீயைச் சுற்றிப் படுப்பார்கள். இரவில் ஒவ்வொருவரும் முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். தன் முறை வந்ததும் எழுந்து, தனியாகத் தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விறகைத் தள்ளிவிட்டு, அவ்வப்போது டார்ச்சை இருட்டில் சுழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னினால் கழுதைப்புலியா, மானா என்று பார்த்து, சந்தேகமானால் வழிகாட்டியை எழுப்ப வேண்டும். சிங்கமும் யானையும் இருக்கிற காடு, விளையாட்டில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மனக்காயம் பட்ட பிள்ளை வீட்டில் இரவெல்லாம் விழித்துக்கொண்டு சத்தங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அதற்குப் பெயர் நோய். இங்கே அதே விழிப்பு ஒரு வேலை, அவளை நம்பி ஏழு பேர் தூங்குகிறார்கள். முறை முடிந்ததும் அடுத்தவனைத் தட்டி எழுப்பிவிட்டு அவள் படுத்துத் தூங்கலாம், இப்போது வேறொருவன் விழித்திருக்கிறான். 'நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை வாயால் சொல்லாமலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே தோகோசா, கட்லஹோங், வோஸ்லூரஸ் பகுதிகளில் மண்டேலாவின் ஏஎன்சி கட்சி சார்புத் தற்காப்புக் குழுக்களும் அதன் எதிர்க்கட்சியான இன்காத்தா சார்புக் குழுக்களும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. அதில் துப்பாக்கி பிடித்தவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள். சண்டை ஓய்ந்த பிறகு அவர்களை யாரும் சீந்தவில்லை. நேஷனல் பீஸ் அக்கார்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு அப்படிப்பட்ட இளைஞர்களை மலைக்குக் கூட்டிப்போய், நடந்தும் தீயைச் சுற்றி உட்கார்ந்தும் பேச வைத்தது. அறைக்குள் உளவியலாளரிடம் போக மறுத்தவர்கள் அவர்கள். கேப்டவுனில் டிம் கோனிபேர் தொடங்கிய வேவ்ஸ் ஃபார் சேஞ்ச், பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப்போய் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறது. பயிற்சியாளர்கள் அதே குடியிருப்புகளிலிருந்து வரும் இளைஞர்கள். ஒருநாள் கூத்தோடு முடியாமல், வாரம் தவறாமல் நடக்கிறது. டர்பன் கடற்கரையில் சர்ஃபர்ஸ் நாட் ஸ்ட்ரீட் சில்ட்ரன் என்ற அமைப்பு தெருவில் வாழ்ந்த பிள்ளைகளோடு இதையே செய்துவருகிறது.

சரி, நம்மவர்கள் இதில் எங்கே? இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் 'மலைக்கு அனுப்புங்கள்' என்று சொன்னால் முகம் சுளிப்பதற்குக் காரணம் அறியாமை என்று நினைத்துவிடக் கூடாது. 1860-க்கும் 1911-க்கும் இடையில் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 152,184 ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுக்கு வெளி என்றால் கரும்புத் தோட்டம்: வெயில், பாம்பு, சர்தார் என்ற மேஸ்திரியின் சாட்டை. வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதுதான் நிம்மதி. அடுத்த தலைமுறைக்கு 1953-இல் தனித்தனி வசதிகள் சட்டம் வந்தது. கடற்கரை, பூங்கா, மலைவிடுதி எல்லாவற்றிலும் 'வெள்ளையர் மட்டும்' பலகை. அந்தச் சட்டம் நீங்கியது 1990-இல். என் தலைமுறையில் பலர் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரை முதலில் பார்த்தது காலண்டர் படத்தில்தான். காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், 3,000 மீட்டருக்கு மேலே நிற்கும் மதில், ஜூலு மொழியில் 'ஈட்டிகளின் தடுப்பு' என்று பெயர். ஆனால் அது யாரோ வேறு மனிதர்களின் இடம். ஹைக்கிங் பூட்சும் ரக்சாக்கும் 'லானி', அதாவது பெரிய இடத்து ஆட்களின் சமாச்சாரம் என்று என் மாமா இன்றும் சொல்வார்.

நம் ஆட்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த ஒரே வெளி கடல் விளிம்பு. விடியற்காலையில் தூண்டிலும் பிளாஸ்க்கில் டீயுமாகத் தாத்தாவோடு பாறைமேல் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் கட்டாயம் இருப்பார்கள். மூன்று மணி நேரம், பத்து வார்த்தை. அதுவும் ஒருவகையில் இதே வைத்தியம்தான், ஒருவரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

காவடியையும் இங்கே யோசிக்கிறேன். பத்து நாள் விரதம், உடம்பைத் தயார்செய்வது, வலி இருக்கிறது என்று தெரிந்தே ஏற்பது, கூடவே ஓடிவரும் மாமனும் சித்தியும், கையில் தண்ணீரும் எலுமிச்சம்பழமும், காலடிக்கு உருமி. சன்னதி சேர்ந்ததும் ஒருவர் தோளிலிருந்து காவடியை இறக்குவார், இன்னொருவர் தாங்கிப் பிடிப்பார், அப்புறம் எல்லோருமாகச் சாப்பாடு. தயாரிப்பு, அளவான கஷ்டம், துணை, இறக்கிவைத்தல். அமெரிக்கக் கையேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை நம் கோயில்கள் வருடந்தோறும் செய்துகாட்டுகின்றன. தீமிதியும் அப்படித்தான். அதனால்தான் இங்குள்ள பெற்றோரிடம் கயிறு, பாறை என்று ஆரம்பிப்பதைவிட காவடியை வைத்துப் பேசினால் சீக்கிரம் புரிகிறது. ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. காவடி எடுப்பவர் தானே வேண்டிக்கொண்டவர். அம்மா வேண்டிக்கொண்டாள் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற பதினாலு வயசுப் பையனையும் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அது வேறு அனுபவம்.

இந்த இடத்தில்தான் சாகசச் சிகிச்சை கெட்டும் போகிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தை மையமாக வைத்து 'வழிதவறிய' பிள்ளைகளுக்கான பாலைவன முகாம்கள் பெரிய வியாபாரமாக வளர்ந்தன. பெற்றோர் பணம் கட்டினால் ஆட்கள் நள்ளிரவில் வந்து படுக்கையிலிருந்தே பிள்ளையைத் தூக்கிப்போவார்கள். 1990-இல் சில வாரங்களுக்குள் இரண்டு சிறுமிகள் இப்படிப்பட்ட நடைகளில் வெயிலில் துவண்டு இறந்தார்கள். முடியவில்லை என்று ஒருத்தி சொன்னபோது நடிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இத்தகைய பத்துச் சாவுகளை அலசி அறிக்கை கொடுத்தது. 2024 டிசம்பரில்தான் இவ்வகை நிறுவனங்களில் நடப்பதை ஆராயச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. நம் நாடும் சளைத்ததில்லை. 'பையன்களை ஆம்பளையாக்குகிறோம்' என்று நடந்த ஒரு முகாமில் சித்திரவதைக்கு ஆளான பதினைந்து வயதுச் சிறுவன் 2011-இல் இறந்தான், முகாமை நடத்தியவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2020 ஜனவரியில் ஒரு பள்ளி முகாமில் பிள்ளைகளே கட்டிய தெப்பம் ஆற்றில் கவிழ்ந்தது. ஒரு மாணவன் காணாமல் போனதே மறுநாள்தான் தெரிந்தது. அவன் உயிரோடு கிடைக்கவில்லை.

நானே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு முகாமுக்குத் துணைக்குப் போனேன். பெயர் வேண்டாம். மரங்களுக்கு நடுவே உயரத்தில் கட்டிய கம்பிப் பாலம். ஒரு பையன் பாதியில் நின்றுவிட்டான். கீழேயிருந்து பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, முடித்தால்தான் மத்தியானச் சாப்பாடு என்றார். மற்ற பிள்ளைகள் கை தட்டி அவன் பெயரைக் கூவினார்கள். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு நானும் தட்டினேன். அவன் முடித்தான், இறங்கினான், வாந்தி எடுத்தான். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அப்பா வீட்டில் எப்படிப்பட்டவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 'நிறுத்து' என்று சொல்லியும் நிறுத்தாத ஒருவரோடு வாழ்ந்த பையனுக்கு, நாங்கள் முப்பது பேர் சேர்ந்து அதையே இன்னொரு தடவை செய்துகாட்டினோம்.

ஆகவே முகாமுக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு உயரம், எத்தனை கிலோமீட்டர் என்பதில்லை. பிள்ளை 'மாட்டேன்' என்றால் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் தடுமாறினால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கூட வரும் உளவியலாளர் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில், இல்லை என்று சரிபார்த்திருக்க வேண்டும். ஃபார்ம் 30 என்பார்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களை நம்ப வேண்டாம். பன்னிரண்டு வயதைத் தாண்டி, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. நம் வீடுகளில் இதைச் சொன்னால் 'அதுக்கு என்ன தெரியும்' என்பார்கள். ஆனால் இந்த வைத்தியத்தில் அந்தச் சம்மதம்தான் முதல் மருந்து. அது இல்லாமல் மலை உச்சிக்கே தூக்கிப்போய் வைத்தாலும் பயன் கிடையாது.

பலன் தருகிறதா? ஓரளவு. டேனியல் போவன், ஜேம்ஸ் நீல் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் 197 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நடுத்தர அளவு முன்னேற்றம் தெரிந்தது, முகாம் முடிந்த பிறகும் அது பெரிதாகக் கரைந்துபோகவில்லை. ஆனால் இந்த வகை ஆய்வுகள் பலவற்றில் முகாமுக்குப் போகாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விருப்பப்பட்டுப் போகிறவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் நடந்தவர்களாகவும் இருக்கலாம். மனக்காயத்துக்கென்றே வடிவமைத்த, பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து செய்யும் பேச்சுச் சிகிச்சைகளுக்குத்தான் இன்றும் வலுவான ஆதாரம் இருக்கிறது. மலையை அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. அந்த அறைக்குள் போக மறுக்கிற பிள்ளைக்கு அது ஒரு பக்கவாசல். தற்கொலை எண்ணம், போதைப்பழக்கம், நினைவிழந்து போதல் என்று இருந்தால் முதலில் டாக்டர். அவசரத்துக்கு சைல்ட்லைன் 116, இலவச எண்.

கொஞ்சம் பொதுவாகவும் பார்க்க வேண்டும். 2000 மார்ச்சில் சாட்ஸ்வொர்த்தின் த்ராப் இரவு விடுதியில் நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். உயிர்தப்பியவர்கள் இன்றைக்கு முப்பத்தைந்தைத் தாண்டிய பெற்றோர். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த நாட்களில் தெருமுனைத் தடுப்புகளில் அப்பாக்களோடு நின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் அண்ணனை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் நிறுத்தலாமா என்று யாராவது ஒருநாள் யோசிக்க வேண்டும். தோகோசா பையன்களுக்காக யோசித்தவர்கள் இருந்தார்கள். அவசரப்பட்டுச் செய்தால் கெட்டுப்போகும் வேலை அது, உண்மையும் நியாயமும் பேசாமல் வெறும் கைகோத்து நடப்பதாக முடிந்துவிடும். இருந்தாலும்.

முகாம் முடிந்து திரும்பிய அடுத்த செவ்வாய்க்கிழமைதான் உண்மையான சோதனை. மலையில் எல்லாம் தெளிவாக இருந்தது. இங்கே அதே வீடு, அதே சரிவு, அதே மேசையில் அதே கணக்கு நோட்டு. நல்ல அமைப்புகள் முகாமுக்கு முன்பே சில வாரங்கள் பிள்ளைகளைச் சந்திக்கின்றன, பின்பும் சந்திக்கின்றன, பெற்றோரையும் உட்காரவைக்கின்றன. நாலு நாள் மலை, நாலு மாதம் ஊர் என்பது போல ஒரு கணக்கு இருந்தால் நம்பலாம். நாலு நாளோடு புகைப்படம் எடுத்து அனுப்பிவைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பணம் புகைப்படத்துக்குத்தான் வருகிறது, செவ்வாய்க்கிழமைக்கு வருவதில்லை.

அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அம்மா விசாரித்த குழுவிலிருந்து ஒரு வழிகாட்டி, ஜூலுப் பெண், எங்கள் மண்டபத்துக்கே வந்தாள். எப்போது போகலாம் என்று அம்மாவை விட்டுவிட்டு மகளிடம் கேட்டாள். டிராகன்ஸ்பெர்கில் கோடையில் மத்தியானம் ஆனால் இடியும் மின்னலும் வரும், ஜூன் குளிர்காலத்தில் இரவு உறையும் ஆனால் அநேகமாக மழை இருக்காது, நீயே சொல் என்றாள். இவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "டென்டுக்குள்ள மழை பெஞ்சா சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

வழிகாட்டி பதில் சொல்லவில்லை. வண்டியிலிருந்து ஒரு கூடாரத்தை எடுத்து வந்து, கோயில் பின்கட்டில் கொடிமரத்துக்கு அப்பால் புல்தரையில் விரித்தாள். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் முனையைக் கூடாரத்துக்கு மேலே மாமரக் கிளையில் கட்டினாள். குழாயடி கூடார வாசலிலிருந்து இரண்டெட்டு. இவளை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் தடவை அவள் திருகி அரை நொடியில் மூடிவிட்டாள். கூடாரத்தின் மேல் நாலு சொட்டு விழுந்த சத்தம். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதல். உள்ளேயிருந்து வழிகாட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை, பிள்ளைகள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கை தட்டவில்லை. ஏழாவது தடவையா எட்டாவதா என்று ஞாபகமில்லை, அவள் தம்பியைக் கூப்பிட்டுக் குழாயடியில் நிற்கவைத்தாள். "நான் சொன்னா திற. நிறுத்துன்னா உடனே நிறுத்தணும்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள்.